பெட்டியின் சுருதியும் பாடுவோர் சுருதியும்

மாரியூர்க் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சங்கு ஒன்றை எடுத்துக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டிராத சிறுவர் அப்பகுதியில் இலர் எனலாம். உள்ளே கடல் இரைகிறது என்பர். உண்மையில் அங்கே இரைவது கடலன்று. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் எந்நேரமும் நூறு வகை ஒலிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் தன் வயிற்றின் அளவுக்குப் பொருந்தியவற்றை மட்டும் சங்கு ஏற்றுப் பெருக்கித் தருகின்றது, பொருந்தாதவற்றை விட்டுவிடுகின்றது. பெரிய சங்கு தாழ்ந்த ஒலியைத் தெரிந்தெடுக்கும். சிறிய சங்கு உயர்ந்த ஒலியைத் தெரிந்தெடுக்கும். ஓசை முற்றும் அடைபட்ட அறையில் வைத்துக் கேட்டால், சங்குக்குச் சொல்ல ஒன்றுமிராது. இதனையே இயற்பியலார் ஒத்ததிர்வு என்று வழங்குவர்.

சங்கின் சுருதியை நாம் மாற்ற இயலாது. அது வளர்ந்தபோதே அமைந்துவிட்டது. ஆனால் இக்காலத்து ஒலிபெருக்கி அமைப்போடு சேர்த்து வைக்கப்படும் ஒலி விளைவுப் பெட்டிகளில், இச்சங்கின் வேலையையே செய்யும் ஒரு பகுதி உண்டு. அதற்கு 'ரெசனேட்டர்' என்று பெயர். சங்கினின்றும் அது வேறுபடுவது ஓரிடத்தில்தான்: அதன் சுருதியை மாற்ற ஒரு குமிழ் உண்டு. அக்குமிழை எவ்வாறு வைத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ்த்துறை மலரில் மின்கருவியின் குமிழுக்கு என்ன வேலை என்று பெரியோர் வினவலாம். வினவுதல் முறையே. அதற்குரிய விடையை யாமும் நூல்களிலிருந்து பெறவில்லை. எம் தவறு ஒன்றினால் பெற்றோம்.

சென்ற கல்வியாண்டில் எம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் மாரியூரில் நடைபெற்றது. ஒருபுறம் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் மாரியூர் – வாலிநோக்கம் உப்பளங்கள். மறுபுறம் மன்னார் வளைகுடா. பூவேந்தியநாதர் கோயிலின் சித்திரை விழாவில் வலைவீசும் படலம் காணக் கூடும் கூட்டத்தால் அவ்வூரின் பெயர் மாவட்டம் முழுதும் அறியப்பட்டது. முகாமின் இறுதி நாள் மாலை, ஊரார்க்கு நன்றி கூறும் முகத்தான் கலை நிகழ்ச்சி ஒன்று வைத்திருந்தோம். எம் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், இம்மாவட்டத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல் ஒன்றைப் பாட முன்வந்தார். மெட்டு அவருடைய உம்மம்மா பாடக் கேட்டுப் பழகியது. கல்யாணி இராகத்தின் சாயல் அதில் நன்கு தெரியும். வகுப்பிலும் விடுதியிலும் அவர் பாடப் பலமுறை கேட்டிருந்தமையால், யாமே முன்வரிசையில் அமர்ந்து ஊர்ப் பெரியவர்களிடம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாட்டுத் தொடங்கி இரண்டு வரி முடியுமுன்னரே ஏதோ பிழைபட்டது. பாட்டின் அடியில் ஓர் ஊளை கேட்டது. சில இடங்களில் அது திடீரென எழும்பி, பாட்டு அடுத்த சொல்லுக்குப் போன பின்னரும் விடாமல் நின்றது. மாணவர் குரல் சற்றே இறங்கியது; பின் ஏறியது; பின் எங்கே நிற்பது என்று அறியாமல் தடுமாறியது. பின்வரிசையில் சிரிப்பெழுந்தது. அவர் மூன்றாம் கண்ணியோடு நிறுத்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். அப்போது யாம் அவரிடம், "சுருதி சேராமல் ஏன் தம்பி மேடை ஏறினீர்?" என்று பலர் கேட்கச் சொன்னோம். அவர் விடை கூறவில்லை.

மறுநாட் காலை ஒலிபெருக்கிச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த மைக் செட்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். பழைய பொருளாக வாங்கிய ஒலி விளைவுப் பெட்டி ஒன்றை அவர் பெருமையோடு காட்டினார். அதனுள் நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. "இது கம்பெனியிலேயே வச்சு வர்றது சார். நம்பரைத் தட்டுனாப் போதும். நேத்துப் போட்ட நம்பர்ல குரலு கணீர்னு நிக்கும்" என்றார். அவ்வெண்ணுக்கு எதிரே திரையில் தெரிந்த சொல் 'ரெசனேட்டர்' என்பது. சுருதி என்ற இடத்தில் இருந்தது 'சி'. பாடுபவர் எத்தனை கட்டை என்று கேட்டீரா என்றோம். அவர் எம்மை வியப்போடு நோக்கினார். கட்டை என்பது ஆர்மோனியக்காரர் கேட்க வேண்டியது அன்றோ என்பது அந்நோக்கின் பொருள். மாணவரை அழைத்துக் கைப்பேசியிலிருந்த சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தோம். அவர் ஒன்றரைக் கட்டையில், ஒரு மயிரிழையும் விலகாமல் நின்றார். அதாவது 'சி ஷார்ப்'. பெட்டிக்கும் அவருக்கும் இடைவெளி அரைக் கட்டை.

அந்த அரைக் கட்டை என்ன செய்தது என்பதை விளக்க, பெட்டியின் உள்வேலையைச் சிறிது கூறல் வேண்டும்.

உள்ளே வரும் ஒலியை அப்பெட்டி மிகச் சிறு நேரம் பிடித்து வைத்திருந்து, சற்றே தணித்து, பின்னால் வரும் ஒலியோடு மீண்டும் சேர்க்கின்றது. சேர்ந்த ஒலியை மறுபடியும் அதே நேரம் பிடித்து, மறுபடியும் சேர்க்கின்றது. நங்கூரமிட்ட வள்ளத்தை மீனவர் அறிவர். அதன் ஆட்டத்துக்கென ஒரு கால அளவு உண்டு. அவ்வளவில் வந்து தட்டும் சிற்றலை, வள்ளத்தைப் பேரலையைவிட மிகுதியாக உருட்டிவிடும். அவ்வாறே, பெட்டி பிடித்து வைக்கும் நேரமும் ஒலியின் ஓர் அதிர்வுக்குரிய நேரமும் ஒன்றாயின், அவ்வொலி தன்மேல் தானே ஏறிப் பெருகும். ஏனையவை ஒன்றையொன்று கெடுத்துத் தேயும். ஆகவே சுருதிக் குமிழ் என்பது உண்மையில் நேரக் குமிழேயாகும். ஆடவர் பாடும் ஒரு கட்டைச் சட்சம் நொடிக்கு 130.81 அதிர்வு, அதற்குப் பெட்டி பிடித்து வைக்க வேண்டிய நேரம் 7.64 மில்லிநொடி. ஒன்றரைக் கட்டைக்கு 138.59 அதிர்வு, நேரம் 7.22 மில்லிநொடி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிநொடியும் இல்லை. ஒரு மாணவரின் மானம் அந்த இடைவெளியில் போயிற்று.

இம்முறையைக் கணினி வழி எதிரொலி உண்டாக்கப் பயன்படுத்தியவர் பெல் ஆய்வுக்கூடத்து மான்பிரெட் ஷ்ரோடர். ஆண்டு 1960களின் தொடக்கம். 1983இல் கார்ப்ளஸ், ஸ்டிராங் என்னும் இருவர் இதே சுழற்சியைக் கொண்டு, நரம்பில்லாமலேயே மீட்டிய நரம்பின் ஒலியை எழுப்பிக் காட்டினர். அதே பத்தாண்டில் வெளிவந்த லெக்சிகன் நிறுவனத்தின் பி.சி.எம். 70 என்னும் பெட்டி, இத்தகைய ஆறு ஒத்ததிர்வுக் குரல்களை ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றின் சுருதியையும் தனித்தனியே அமைக்க இடங்கொடுத்தது. இன்று ஏபிள்டன் லைவ் என்னும் கணினி நிரலில் ஐந்து உள்ளன. முதலாவதற்கு ஒரு சுருதி கொடுத்துவிட்டு, மற்ற நான்கையும் அதிலிருந்து இத்தனை அரைக் கட்டை மேல், இத்தனை அரைக் கட்டை கீழ் என்று சொன்னாற் போதும்.

இனி அம்மாலை நிகழ்ந்ததற்கு வருவோம். பெட்டியில் 'சி'யும் அதன் பஞ்சமமாகிய 'ஜி'யும் வைக்கப்பட்டிருந்தன. ஒன்றரைக் கட்டையில் நின்று பாடுவோர்க்கு 'சி' என்பது சட்சமன்று; சட்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் காகலி நிடாதம். 'ஜி' என்பது பஞ்சமமன்று, பிரதி மத்திமம். எனவே மாணவர் சட்சத்திலும் பஞ்சமத்திலும் நின்றபோது பெட்டி அவரைக் கவனிக்கவேயில்லை. நிடாதத்தையும் மத்திமத்தையும் தொட்டுக் கடந்தபோது மட்டும் விழித்துக்கொண்டு, அவற்றைப் பிடித்து நிறுத்தி முழங்கியது. கல்யாணியின் உயிரே பிரதி மத்திமமும் காகலி நிடாதமும்தாம் என்பதை இசையறிந்தார் அறிவர். அவ்விரண்டும் நிற்குமிடங்கள் அல்ல. அடுத்த சுரத்தை நோக்கி நெஞ்சை ஏங்கவைக்கும் இடங்கள். அவை இரண்டு நொடி நின்று, அடுத்து வந்த சட்சத்தோடு உராய்ந்தன. அவர் மோகனத்தில் பாடியிருந்தால், அவ்விரு சுரங்களும் அவ்விராகத்தில் இன்மையால், பெட்டி பெரும்பாலும் வாய்மூடியிருக்கும். யாமும் ஒன்றும் அறியாமல் கைதட்டிவிட்டு வந்திருப்போம். பெட்டியின் பிழை அவர் தெரிந்தெடுத்த மெட்டினால் வெளிப்பட்டது. அதனை அவர் பிழையென்று கொண்டவர்கள் நாம்.

தமிழர்க்கு ஒத்ததிர்வு புதிதன்று. யாழின் உறுப்புகளுள் பத்தர் என்பது நரம்பின் ஒலியை ஏற்றுப் பெருக்கும் கலமே. பொருநராற்றுப்படை ஆசிரியர் யாழை வருணிக்கப் புகுந்து, மற்றெவற்றிற்கும் முன்னர்ப் பத்தலைத்தான் கூறுகின்றார். மானின் குளம்பு பதிந்த சுவட்டை அதற்கு உவமையாக்குகின்றார். மாணவர்கள் இவ்வுவமையைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்கின்றனர். பத்தல் எதற்கு என்று கேட்டால் 'யாழின் ஓர் உறுப்பு' என்பதோடு நின்றுவிடுகின்றனர். எம் வகுப்பறையிலும் பல்லாண்டு இவ்வாறே நடந்தது.

மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை மற்றொரு சான்று. வெறுந்தோலைத் தட்டினால் எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. அதனால் தோற்கருவிகளுக்குத் தெளிந்த சுருதி அமைவது அரிது. நடுவில் கரணையை அடுக்கடுக்காகத் தேய்த்துக் கனமேற்றும்போது அம்மேலொலிகள் ஒழுங்குபட்டு நரம்புக் கருவியின் மேலொலிகளைப்போல அமைகின்றன. இதனை 1920இல் ஆய்ந்து உலகறியச் செய்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன். 1930இல் அவர் நோபல் பரிசு பெற்றது ஒளி பற்றிய ஆய்வுக்கு. தம்பூராவின் குதிரைமேல் நரம்பு தவழ்ந்து கிடப்பதால் எழும் செழுமையைப் பற்றியும் அவரே எழுதினார். யாம் குறிக்க விரும்புவது வேறு. மிருதங்கக்காரர் மேடையேறியதும் முதலிற் செய்வது என்ன? பாடகரின் சுருதியைக் கேட்டு, கல்லும் கட்டையும் கொண்டு தட்டித் தட்டித் தம் வலந்தலையை அதனோடு சேர்ப்பது. பாடகரைத் தம் மிருதங்கத்துக்கு வரச்சொல்வதில்லை. பறையடிப்போர் கடற்காற்றின் ஈரத்தில் தளர்ந்த தோலைத் தீயிற் காய்ச்சிச் சுருதியேற்றுவதும் இவ்வகையினதே. மானாமதுரைக் கடம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்கடத்தின் சுருதி சூளையிலேயே உறுதியாகிவிடுகின்றது. கடம் வாசிப்போர் அதனால் ஒன்றோடு நிறைவு கொள்வதில்லை. சுருதிக்கு ஒன்றாகப் பல கடங்களை வைத்துக்கொள்கின்றனர். மண்பானையைச் சுமந்து செல்வோர்க்கு உள்ள இந்தப் பொறுப்பு, விரலால் குமிழைத் திருப்பினாற் போதும் என்ற வசதி பெற்றோரிடம் காணப்படாதது வியப்பே.

ரெசனேட்டருக்கு மிக அணுக்கமான கருவி சித்தார். விரல் படும் நரம்புகளுக்கு அடியில், யாரும் தொடாமலே அதிரும் தரப் நரம்புகள் பத்துக்கு மேல் உள்ளன. சித்தார்க்கலைஞர் ஒவ்வோர் இராகத்துக்கும் அவற்றைத் திருத்தி அமைத்த பின்னரே வாசிக்கத் தொடங்குவார். இதைக் கண்டு, நாமும் பெட்டியின் ஐந்து ஒத்ததிர்வுகளையும் இராகத்தின் ஐந்து சுரங்களுக்கு வைத்துவிடலாமே என்று எண்ணத் தோன்றும். தென்னாட்டுப் பாட்டுக்கு அது பொருந்தாது என்பதே எம் கருத்து. நம் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கமகத்தால் அசைந்து, மேற்சுரத்தைத் தொட்டு, கீழ்ச்சுரத்தில் சாய்ந்து, போகிற போக்கில்தான் தன்னைக் காட்டிக்கொள்கின்றது. பெட்டியோ அந்த அசைவில் தன் அளவுக்கு ஒத்த ஒரு கணத்தை மட்டும் பிடித்து நிறுத்தி வைக்கும். ஓடுகின்ற மானின் ஒரு காலைப் பிடித்து இழுப்பதற்கு இது நிகர். வீணையின் பக்கத் தந்திகள் மூன்றும் சட்ச பஞ்சமங்களிலேயே நிற்பதன் பொருத்தம் இங்கே விளங்கும். பெட்டியையும் அவ்வாறே வைக்கலாம்: அடிச் சட்சம், அதற்கு ஏழு அரைக் கட்டை மேலே பஞ்சமம், பன்னிரண்டு மேலே மேற்சட்சம். இந்தோளம் போன்று பஞ்சமம் இல்லாத இராகமாயின், ஏழினை ஐந்தாக்கி மத்திமத்துக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

காந்தாரத்தை வைக்கலாகாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. பெட்டியின் சுருதிகள் ஆர்மோனியத்தின் சுருதிகள். ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமக் கூறாக வெட்டியவை. அவ்வெட்டில் பஞ்சமம் இயல்பான இடத்திலிருந்து இரண்டு சென்ட் மட்டுமே விலகும். அரைக் கட்டையை நூறாகப் பகுத்த ஒரு கூறு சென்ட்; 1885இல் அலெக்சாண்டர் எல்லிசு வெளியிட்ட கட்டுரையால் பரவிய அளவை இது. இரண்டு சென்ட் வேறுபாட்டைச் செவி பொறுக்கும். அந்தர காந்தாரமோ பதினான்கு சென்ட் விலகுகின்றது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் தானத்தை இருபத்து நான்கு சமக் கூறாகக் கொள்வதற்கு வாதிட்டார். விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் இருபத்திரண்டு அலகுகளின் வழியே கணக்கிட்டார். இப்பெட்டி பண்டிதர் கணக்குக்கு அணுக்கம்; அடிகளின் கணக்குக்குச் சேய்மை. இரு பெரியோரும் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு வழக்கை, ஏதோ ஒரு நாட்டுத் தொழிற்சாலை நம்மைக் கேளாமலே தீர்த்து அனுப்பிவிடுகின்றது. 'ஏ' என்னும் சுரம் நொடிக்கு 440 அதிர்வு என்பதும் 1939இல் இலண்டனில் கூடியோர் முடிவு செய்ததே. நம்மவர் பாடுவது ஒன்றரைக் கட்டைக்குச் சற்று மேலேயாயின் மேலேதான், அது பிழையாகாது. நல்ல பெட்டிகளில் சென்ட் அளவில் நுணுக்கமாகத் திருத்த இடமுண்டு. ஆயினும் அவ்விடத்தை எவரும் தொடுவதில்லை.

'டீகே' எனப்படும் ஓய்வு நேரம் இவ்விடத்தில் நோக்கற்பாலது. ஒலி எவ்வளவு நேரம் நின்று அடங்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கின்றது. நேரம் நீள நீளப் பெட்டி கண்டிப்புடையதாகும். இரண்டு நொடி வைத்தால், அது ஏற்றுக்கொள்ளும் அகலம் ஏறத்தாழ 1 ஹெர்ட்சுதான். அரை ஹெர்ட்சு விலகினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மேலே கூறிய காந்தாரத்தின் விலக்கம் ஒரு கட்டையில் 1.3 ஹெர்ட்சு. ஓய்வு நேரத்தை ஒரு நொடியில் ஐந்திலொன்றாகக் குறைத்தால் அகலம் பதினோரு ஹெர்ட்சு ஆகும். அரைக் கட்டை விலகியவரையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மாரியூரில் வைத்திருந்தது இரண்டு நொடிக்கு மேல்.

தமிழாசிரியர் என்ற முறையில் எம்மை மிகவும் வருத்துவது இந்த ஓய்வு நேரமே. மாத்திரைக்கு நம் இலக்கணத்தார் கூறிய அளவு இமைப்பொழுதும் கைந்நொடிப் பொழுதும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அந்த அரை மாத்திரையில், குறிப்பாக வல்லின ஒற்றில், என்ன நடக்கின்றது? 'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள். டகர ஒற்றில் நா அண்ணத்தை அடைத்து நிற்க, ஒலி முற்றும் நின்றுவிடுகின்றது. அந்த அமைதிதான் ஒற்று. 'படு' என்பதிலிருந்து 'பட்டு' என்பதைப் பிரிப்பதும், 'பாடு' என்பதிலிருந்து 'பாட்டு' என்பதைப் பிரிப்பதும் பெரும்பாலும் அந்த ஓசையின்மையே. ரெசனேட்டர் அந்த அமைதியைத் தன் முழக்கத்தால் நிரப்பிவிடுகின்றது. அதுமட்டுமன்று. வல்லெழுத்து வெடித்து எழும்போது எல்லாச் சுருதிகளும் கலந்த ஒரு தட்டு உண்டாகின்றது. சங்கின் வாயில் விரலால் தட்டியதற்கு ஒப்பானது அது. ஒவ்வொரு ககரமும் தகரமும் பகரமும் பெட்டியைத் தட்டி எழுப்ப, அது ஒவ்வொரு முறையும் தன் சுருதியைச் சொல்லும். மாணவரின் பாட்டுக்கு அடியில் ஓயாமல் கேட்ட ஊளை இதுவே. அவர் எந்தச் சுரத்தைப் பாடினாலும் மெய்யெழுத்துகள் 'சி'யை ஒலித்துக்கொண்டிருந்தன. மேடையிலிருந்த ஒலிப்பெட்டி அதை அவர் காதுக்கே திருப்பி அனுப்பியது. பயின்ற பாடகரும் அதனோடு போராடித் தோற்றிருப்பார்.

சொல்லே உயிராக உள்ள பாட்டுகளுக்கு ஓய்வு நேரம் அரை நொடியைத் தாண்டலாகாது. பெட்டியின் ஒலி பாடுவோர் ஒலியில் ஐந்திலொரு பங்கினும் மிகலாகாது. இது எம் செவியளவில் கண்டது. இசைவாணர் திருத்தினால் ஏற்போம். குணங்குடியார் பாடலைக் கேட்க வந்தவர்க்குக் குணங்குடியாரின் சொல் கிட்டாமற் போனால், குரல் எவ்வளவு கணீரென்று நின்றென்ன?

இப்பகுதி மீலாது மேடைகளைப் பற்றியும் ஒரு சொல். இசைக்கருவியின்றி வாய்ப்பாட்டாகவே பாடுதல் வேண்டும் என்று கருதும் பெரியோர் நம்மிடையே உளர். அவ்விவாதத்தில் யாம் இறங்கவில்லை. ஆனால் ரெசனேட்டரை மிகுதியாக வைத்த மேடையில், பாடுவோர் குரலிலிருந்தே ஒரு தம்பூரா உண்டாக்கப்பட்டு உடன் ஒலிக்கின்றது என்பதை அப்பெரியோர் அறிந்திருத்தல் நன்று. கருவியை வெளியே நிறுத்திவிட்டோம் என்று நாம் எண்ணியிருக்க, அது மின்கம்பி வழியே உள்ளே வந்து அமர்ந்திருக்கின்றது.

1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். அனிபா அவர்களை 'இசைமுரசு' என்று தமிழுலகம் அழைத்தது. அவர் மேடைகளை ஆண்ட காலத்தில் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளே பெரும்பாலும் இருந்தன. அவற்றின் ஒலி இனிமையானது என்று யாரும் சொல்லார். ஆயினும் அவர் உச்ச சுருதியில் பாடிய சொற்கள் ஊரின் கடைசித் தெரு வரை ஒற்றெழுத்துக் கெடாமல் சென்று சேர்ந்தன. அக்காலம் திரும்ப வேண்டும் என்பது எம் கருத்தன்று. குமிழை முறையாக வைத்தால் இப்பெட்டி ஓர் அரிய துணை. தம்பூரா வாங்க இயலாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் சுருதியோடு நிற்கும் இன்பத்தை அது தரவல்லது. அம்முகாமுக்குப் பின் அதே பெட்டியை மைக் செட்காரரிடம் ஒருநாள் கேட்டு வாங்கி, துறை அறையில் வைத்துப் பார்த்தே இதனை எழுதுகின்றோம்.

வைக்கும் முறை அரிதன்று. பாட்டுத் தொடங்குமுன் பாடுவோரை 'ஆ' என்று சட்சத்தில் நிற்கச் சொல்லல் வேண்டும். ஓய்வு நேரத்தை முதலில் குறைவாகவே வைத்துக்கொண்டால் பெட்டி பரந்த மனத்தோடு இருக்கும். சுருதிக் குமிழைக் கீழிருந்து அரை அரைக் கட்டையாக ஏற்றிக்கொண்டு போனால், ஓரிடத்தில் குரல் திடீரெனப் பருத்துக் கேட்கும். அதுவே அவர் கட்டை. பாதி உயரத்திலும் இவ்வாறு ஒரு பருமன் தோன்றும். ஏனெனில் பெட்டி தான் வைத்த சுருதியின் மடங்குகளுக்கும் இசையும். அதைக் கண்டு மயங்காமல் மேலும் ஏற்றிப் பார்த்தல் வேண்டும். பின்னர் ஓய்வு நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே, சென்ட் அளவில் முன்னும் பின்னும் திருத்தினால் முழக்கம் நிலைபெறும். அடுத்தவர் பாட வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. ஆடவர் ஒன்று முதல் இரண்டரைக் கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டைக்குள்ளும் பெரும்பாலும் நிற்பர். மூன்றரை என்று யாரேனும் சொன்னால் மட்டும் மறுபடி கேட்க வேண்டும். ஆர்மோனியத்தில் அங்கே கறுப்புக் கட்டை இல்லை. எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். சிறப்பு விருந்தினர்க்குப் பொன்னாடை போர்த்த நாம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் இது மிகுதியன்று.

மைக் செட்காரர் மேல் எமக்குக் குறையில்லை. கட்டையைக் கேள் என்று அவருக்குச் சொன்னவர் யார்? பெட்டியோடு வந்த கையேடு அவர் அறியாத மொழியில் இருக்கின்றது. தமிழில் அத்தகைய சிறு கையேடு ஒன்றை இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து எழுதலாம் என்று கல்லூரி முதல்வரிடம் எழுத்து வழி வேண்டியிருக்கின்றோம். பாடுவோர்க்கும் தம் கட்டை இன்னதென்று தெரியாது. தெரிந்தாலும் மேடையில் சொல்ல நாணுவர். எங்கள் இலக்கிய மன்றக் குறிப்பேட்டில் பங்கேற்போர் பெயர், வகுப்பு, பாடலின் தலைப்பு ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில், இவ்வாண்டு முதல் 'கட்டை' என்றொரு கட்டம் சேர்த்துள்ளோம். முன்வந்தவர்கள் அனைவரையும் சுருதிப் பெட்டியோடு நிறுத்திப் பார்த்து எழுதினோம்.

அம்மாணவர் இப்போது மூன்றாம் ஆண்டில் பயில்கின்றார். அவரிடம் யாம் பலர் முன்னிலையில் சொன்ன சொல்லைப் பலர் முன்னிலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவர் பெயருக்கு எதிரே 'ஒன்றரை' என்று எழுதியிருக்கின்றோம். ஆண்டு விழாவில் பாட அவர் இன்னும் இசையவில்லை.